கெமரா பொடியா, லென்ஸா? முதலை எதில் போடுவது?

சிறு தொழில் செய்யும் நம் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் வரும் கேள்வி இது: கையில் இருக்கும் கொஞ்ச முதலை எதில் போடுவது? என் போட்டோக் கடையில் நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டமாவடிப் பக்கமிருந்து பனிச்சங்கேணி, வாகரை தாண்டி, கதிரவெளிக் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போவது வழக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2006 யுத்தத்தையும் கண்ட ஊர் அது. பழைய அல்பம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகளில், நாம் எடுக்கும் படம்தான் அடுத்த தலைமுறைக்குச் சாட்சி.

அப்படி ஒரு வீட்டில் இரவு நேரச் சடங்கு. வெளிச்சம் குறைவு. அல்பம் கொடுத்தபோது மணப்பெண்ணின் தாய் கேட்டார்: “தம்பி, அம்மம்மா ஆசீர்வாதம் பண்ணின படம் எங்க?” படம் இருந்தது, ஆனால் முகம் கலங்கிப் போயிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

கெமரா பழசு, அதுதான் குறை என்று முடிவுகட்டி, தவணைக்குப் புதிய பொடி வாங்கப் புறப்பட்டேன். தொழிலில் மூத்த காக்கா ஒருவர் தடுத்தார். “எங்க நட்டம் போகுதெண்டு ஒரு மாசம் எழுதிப் பாரு. பிறகு வாங்கு” என்றார்.

எழுதினேன். பழுதான படங்களில் பெரும்பாலானவை மண்டபத்துக்குள்ளும் இரவிலும் எடுத்தவை. பகல் படங்களில் குறையே இல்லை. பொடியோடு வந்த 18-55 லென்ஸை நீட்டிப் பிடித்தால் அதன் வாய் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸோ அதைவிட 9 மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். அதே பழைய பொடியில், வாடகைக்கு எடுத்த 1.8 லென்ஸைப் போட்டுப் பார்த்தேன். முகங்கள் தெளிவாக வந்தன. பிறகுதான் பாவித்த லென்ஸ் ஒன்றை வாங்கினேன். புதிய பொடிக்கு ஆகவிருந்த செலவில் சிறு பங்குதான் அதற்குப் போனது.

பொடி சில வருடங்களில் பழசாகி விலை இறங்கும். லென்ஸ் நீண்ட காலம் உழைக்கும். நிக்கோன் தன் எஃப் வகைப் பொருத்தியை 1959இலும், கெனன் தன் ஈஎஃப் வகையை 1987இலும் கொண்டுவந்தன. 2018இல் இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கெமராவுக்குப் புதிய பொருத்தியை அறிமுகம் செய்தன. பழைய லென்ஸை இணைப்பான் மூலம் புதிய பொடியில் போடலாம். ஆனால் புதிய வகை லென்ஸ் பழைய பொடியில் ஏறாது. சில பழைய லென்ஸ்களில் தானாகக் குவியும் வசதி வேலை செய்யாது. ஆகவே போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

பொடியை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு:

1. ஷட்டர் தேய்ந்து, திருத்தும் செலவு பொடியின் விலையை நெருங்கும்போது.

2. நல்ல லென்ஸ் போட்டும் இரவுப் படங்களில் புள்ளிகள் அதிகமாகத் தெரியும்போது, அல்லது குவியம் பிந்தும்போது.

3. ஒரே மெமரி கார்டில் முழுக் கல்யாணத்தையும் நம்பியிருக்கும்போது. கார்ட் பழுதானால் அந்த நாள் திரும்பி வராது. இரண்டு கார்ட் போடும் பொடி அந்தப் பயத்தைக் குறைக்கும்.

இன்னொன்று, நம் பகுதியில் கடற்காற்றும் வாவி ஈரமும் லென்ஸுக்கு எதிரி. உள்ளே பூஞ்சணம் படர்ந்தால் போட்ட முதல் போய்விடும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பாவித்த லென்ஸ் வாங்கும்போது டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பொருளை அடிக்கடி மாற்றும் தொழில் அப்படியான காலத்தில் தாங்காது.

தையல் மெஷினானாலும் வள்ளத்து எஞ்சினானாலும் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர் எந்த இடத்தில் குறை சொல்கிறார் என்று முதலில் எழுதுங்கள். அந்தக் குறையைத் தீர்க்கும் பொருளை வாங்குங்கள். கடைக் கண்ணாடிக்குள் மின்னுவதை அல்ல.

கதிரவெளி அம்மம்மாவின் படத்தை என்னால் இனி எடுத்துக் கொடுக்க முடியாது. அந்தக் கணக்கை ஒரு மாதம் முந்தி எழுதியிருந்தால் கொடுத்திருப்பேன்.