சோலார் சார்ஜர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடைகளில் 'சோலார் சார்ஜர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, மூன்று நான்கு மடிப்பாக விரியும் பேனல். வெயில் பட்டால் மின்சாரம் தரும். எதையும் சேமித்து வைக்காது. மற்றொன்று, முதுகில் சிறு பேனல் ஒட்டிய பவர் பேங்க். சேமித்து வைக்கும், ஆனால் வெயிலிலிருந்து அதில் ஏறுவது மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டியிருக்கும்.

உதாரணமாக, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் போகும் சாலை, காட்டை ஒட்டியும் ஊடறுத்தும் செல்கிறது. இந்த வட்டாரக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. காவிரி ஆற்றின் அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். யானைகள் நடமாடும் பகுதி இது. பள்ளத்தாக்குகள் பலவற்றில் செல்போன் சிக்னல் கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நடக்கவோ கூடாரம் அடிக்கவோ கூடாது. அனுமதியோடு போகிறவர்களுக்கும் இருட்டிய பின் டார்ச்சும் போனும் அணைந்துபோவது ஆபத்து. ஆகவே, சார்ஜர் பற்றிப் பரவியுள்ள நம்பிக்கைகளைக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 1: மலையேறப் போகிற எவருக்கும் சோலார் சார்ஜர் வேண்டும்.

உண்மை: காலையில் ஏறி மாலையில் இறங்கும் நடைக்கு அது வீண் சுமை. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டப் பாதைகளும் உண்டு. இத்தகைய ஒருநாள் நடைக்கு வீட்டிலேயே முழுதாக ஏற்றிய பவர் பேங்க் தாராளம். 10,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி ஆற்றல். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். மின்னழுத்தத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே போனுக்குப் போய்ச் சேரும். 5,000 எம்.ஏ.எச். போனின் பேட்டரி 19 வாட்-மணி அளவு என்பதால், ஒரு முறை முழுதாகவும் கொஞ்சம் கூடுதலாகவும் ஏற்றலாம். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, முன்பே இறக்கி வைத்த வரைபடத்தைப் பார்த்து நடந்தால் அந்த ஆற்றல் இரண்டு நாளுக்கு வரும். மூன்று நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத இடத்தில் தங்குபவர்களுக்குத்தான் பேனல் பயன்படும்.

நம்பிக்கை 2: பேனல் ஒட்டிய 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கை ஒரு நாள் வெயிலில் வைத்தால் நிரம்பிவிடும்.

உண்மை: ஒரு ஸ்கேலை எடுத்து அந்தச் சிறு பேனலை அளந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 14 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 98 சதுர சென்டிமீட்டர். நல்ல நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அந்தக் கணக்கில் இந்தப் பேனல்மீது விழுவது 10 வாட்டுக்கும் குறைவு. நல்ல சிலிக்கான் செல் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி மின்சாரமாக மாற்றும். ஆக, கிடைப்பது 2 வாட். நிரப்ப வேண்டியதோ 74 வாட்-மணி. இழப்பையும் சேர்த்தால் 45 மணி நேரத்துக்கு மேல் உச்சி வெயில் வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தாலும் ஒன்பது, பத்து நாள் ஆகிவிடும். அவசரத்துக்கு ஓர் அழைப்பு பேசும் அளவு ஏற்ற உதவலாமே தவிர, பயணத்துக்கு நம்பி எடுத்துச் செல்லும் கருவி அல்ல அது.

நம்பிக்கை 3: பெட்டியில் 20 வாட் என்று போட்டிருந்தால் 20 வாட் கிடைக்கும்.

உண்மை: அந்த எண் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் எடுத்த அளவு அது. வெளியில் இந்த இரண்டும் ஒருசேர அமைவது அரிது. நல்ல வெயிலில் 12 முதல் 15 வாட் வந்தால் அந்தப் பேனல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சில பெட்டிகளில் எண்ணே பொய்யாக இருக்கும். 22 சதவீதத் திறனுள்ள செல்லில் 20 வாட் எடுக்க, செல் பரப்பு மட்டும் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் வேண்டும். 100 வாட்டுக்கு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். விரித்தாலும் ஒரு நோட்டுப் புத்தக அளவே இருக்கும் பேனலில் 60 வாட் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டியதில்லை.

நம்பிக்கை 4: வெயில் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு மின்சாரம் வரும்.

உண்மை: பேனலுக்கு வேண்டியது ஒளி, வெப்பம் அதற்கு எதிரி. 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல்லின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். கோடையில் பாறைமேல் விரித்த பேனல் 60 டிகிரியை எட்டினால் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு. பேனலின் அடியில் காற்று புகும்படி சாய்த்து வைத்தால் சூடு தணியும்.

பவர் பேங்குக்கும் போனுக்கும் சூடு இன்னும் கெடுதல். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். வீங்கிப் போகவும் கூடும். பேனல் வெயிலில் கிடக்கட்டும். பவர் பேங்கை ஒயர் எட்டும் தூரத்தில் நிழலில் வைக்க வேண்டும். பேனலும் பேட்டரியும் ஒரே பொருளாக ஒட்டியிருக்கும் வகையில் இதற்கு வழியே இல்லை. அதன் பெரிய குறை இதுதான்.

நம்பிக்கை 5: தரையில் விரித்துப் போட்டால் போதும்.

உண்மை: சூரியனுக்கு நேர்முகமாக இருக்கும்போதுதான் பேனல் முழு ஒளியை வாங்கும். 60 டிகிரி விலகியிருந்தால் கிடைப்பது பாதி. நாட்றாம்பாளையம் ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நண்பகலில் தரையில் விரிப்பதே சரி. டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலிலும் 54 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அப்போது பேனலின் வடக்கு ஓரத்தைத் தூக்கி, தெற்கு பார்த்து 35 பாகை சாய்த்து வைத்தால், தரையில் கிடப்பதைவிட நண்பகலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். காலையிலும் மாலையிலும் வித்தியாசம் இன்னும் பெரிது.

இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. வெயில் உச்சத்தில் இருக்கும் கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். மக்கள் பெரும்பாலும் நடப்பது மழைக்குப் பிந்தைய மாதங்களிலும் குளிர்காலத்திலும்தான். சாய்ந்த வெயிலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம்பிக்கை 6: கொஞ்சம் நிழல் விழுந்தால் கொஞ்சம்தான் குறையும்.

உண்மை: பேனலில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் மொத்த ஓட்டமும் தடைபடுவதுபோல, ஒரு செல்லை நிழல் மூடினால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் சுருங்கிவிடும். நிழல் விழுந்த செல்லைத் தாண்டி மின்சாரம் செல்ல வழிவிடும் டயோடுகள் மலிவான சிறு பேனல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தப் பகுதியின் இலையுதிர் காட்டில் கோடையில் மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்த்து நிழலே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கிளையின் கோடும் கணக்கில் வரும்.

முதுகுப்பையில் பேனலைத் தொங்கவிட்டு நடப்பதும் இதனால்தான் பலன் தருவதில்லை. நடக்க நடக்கப் பேனல் சூரியனைப் பார்க்கும் கோணம் மாறும். மர நிழல் வந்து வந்து போகும். நடக்கும்போது பேனலை மடித்து வைத்துவிட்டு, மதியம் திறந்தவெளியில் தங்கும் இரண்டு மணி நேரத்தை முழுதாகப் பயன்படுத்துவதே மேல். 20 வாட் பேனல் அந்த நேரத்தில் ஒரு போனை ஒரு முறை நிரப்பும் அளவு ஆற்றல் தரும்.

நம்பிக்கை 7: போனை நேராகப் பேனலில் செருகிவிடலாம்.

உண்மை: செருகலாம், ஆனால் ஒரு மேகம் கடந்தால் மின்னோட்டம் அறுந்து, சில போன்கள் வெயில் திரும்பிய பிறகும் சார்ஜ் ஏற்றத் தொடங்குவதில்லை. பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு ஏற்றி, இரவில் அதிலிருந்து போனுக்கு மாற்றுவதே நம்பகமான முறை. மின்னோட்டம் தடைபட்டால் தானாக மீண்டும் தொடங்கும் வசதி பேனலில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு யு.எஸ்.பி. துளைகள் இருந்தாலும் மொத்த வாட் ஒன்றுதான். இரண்டிலும் செருகினால் பங்கிட்டுக்கொள்ளும்.

நம்பிக்கை 8: மேகம் இருந்தாலும் வேலை நடக்கும்.

உண்மை: மெல்லிய மேகத்தில் ஓரளவு நடக்கும். வானம் முழுதாக மூடினால் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் தேறும். மழைக்காலப் பயணத்துக்குப் பேனலைவிட இரண்டாவது பவர் பேங்க் பயனுள்ளது.

நம்பிக்கை 9: 'வாட்டர் புரூஃப்' என்றால் மழையில் விட்டுவிடலாம்.

உண்மை: ஐ.பி.எக்ஸ்.4 என்பது தண்ணீர் தெறிப்பதை மட்டும் தாங்கும் தரம். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். பெரும்பாலும் தாங்குவது பேனலின் மேற்பரப்பு. முதலில் கெடுவது யு.எஸ்.பி. துளை உள்ள சிறு பெட்டி. அதற்கு ரப்பர் மூடி இருப்பது அவசியம். மேற்பூச்சில் இ.டி.எஃப்.இ. வகை, சாதாரண பி.இ.டி. பிளாஸ்டிக்கைவிட நெடுநாள் மங்காமல் உழைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் எத்தனை நாள் பயணம், எத்தனை கருவிகள் என்று வாட்-மணியில் கணக்கு. மூன்று நாளுக்கு உட்பட்டதானால் பவர் பேங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலானால் 20 முதல் 28 வாட் வரையிலான மடிப்புப் பேனலும், தனியாக 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கும். பேனலை வெயிலில் விரித்து, செருகினால் வாட்டைக் காட்டும் சிறு யு.எஸ்.பி. மீட்டரை இணைத்து வீட்டு மாடியிலேயே ஒரு நாள் சோதித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அதன்மீது அச்சாகியிருக்க வேண்டும். இல்லாததை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கக் கூடாது.