கழிப்பறைத் தொட்டியில் ஓயாத ஒலி

பட்டர்வொர்த் நகரின் ஒரு பகுதி பாகான் டாலாம். கடலின் அக்கரையில் ஜோர்ஜ் டவுன். இங்குள்ள வாடகை வீடு ஒன்றில் இரவு எல்லாரும் உறங்கிய பிறகும் கழிப்பறையிலிருந்து 'உஸ்' என்ற ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மாத இறுதியில் தண்ணீர்க் கட்டணம் கூடி வருகிறது. "வீட்டுக்காரரிடம் சொன்னால் நாம்தான் உடைத்தோம் என்பாரோ? வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்வாரோ?" என்று அம்மா தயங்குகிறார். இவ்வாறு பல வீடுகளில் சிறு பழுது பெரும் செலவாக வளர்கிறது.

ஒரு நிமிடத்திற்கு ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் நீர் கசிவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 288 லிட்டர் வீணாகும். ஒரு முறைக்கு 6 லிட்டர் பயன்படுத்தும் தொட்டியை 48 முறை இழுத்துவிட்டதற்கு இது சமம். முப்பது நாளில் 8,640 லிட்டர் நீர் யாருக்கும் பயன்படாமல் சாக்கடையில் கலந்துவிடும்.

தொட்டி இயங்கும் முறை எளிமையானது. நீரை வெளியேற்றியதும் உள்ளே இருக்கும் மிதவை கீழே இறங்குகிறது. நீர் வரும் வால்வு திறக்கிறது. நீர்மட்டம் உயர உயர மிதவையும் மேலெழுந்து வால்வை மூடுகிறது. தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி, நீர் கிண்ணத்திற்குள் இறங்காமல் தடுக்கிறது. ஒலி ஓயவில்லை என்றால், பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான் பழுதாகியிருக்கும்.

எது பழுது என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். முதலில் தொட்டியின் மூடியைக் கவனமாகத் தூக்கி வைக்க வேண்டும். பீங்கான் மூடி எளிதில் உடையும். தொட்டியின் நடுவில் நிற்கும் வழிந்தோடு குழாய்க்குள் நீர் விழுந்துகொண்டிருந்தால், மிதவை அதிக உயரத்தில் உள்ளது என்று பொருள். அதன் திருகைச் சரிசெய்து, நீர்மட்டம் அக்குழாயின் விளிம்பிற்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு அமைக்க வேண்டும். அப்படிச் செய்தும் நீர் நிற்கவில்லை என்றால் நீர் வரும் வால்வு தேய்ந்திருக்கலாம்.

நீர் அக்குழாய்க்குள் விழவில்லை என்றால், கேசரிக்குச் சேர்க்கும் உணவு வண்ணத்தில் சில துளிகளைத் தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். கிண்ணத்தில் வண்ணம் தெரிந்தால் ரப்பர் மூடி கசிகிறது.

இதனை மாற்ற, சுவரருகே உள்ள சிறு குழாயை வலப்புறமாகத் திருகி நீரை நிறுத்த வேண்டும். பின்னர் தொட்டியைக் காலி செய்து, பழைய மூடியைக் கழற்ற வேண்டும். அது அமரும் விளிம்பில் படிந்த அழுக்கைத் துடைப்பதே சில வேளைகளில் போதுமானதாக இருக்கும். ரப்பர் கெட்டியாகவோ வளைந்தோ போயிருந்தால், அதனைக் கையோடு இரும்புச் சாமான் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியதை வாங்குவது நல்லது. குளோரின் கலந்த வில்லைகளைத் தொட்டிக்குள் போடுவதால் ரப்பர் விரைவில் கெடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனினும், வாடகை வீட்டில் கருவியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சிறு பழுதுகளுக்கு யார் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பழுதைப் படம் எடுத்து, தேதி தெரியுமாறு வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகு பழுதுபார்த்து, பற்றுச்சீட்டையும் பழைய பாகத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். நாள்பட்ட தேய்மானத்தால் வந்த பழுதை உடனே தெரிவித்தவர்மீது வீண்பழி விழ வாய்ப்புக் குறைவு. அம்மாவின் அச்சத்திற்கு மருந்து மௌனம் அன்று; சொல்லும் எழுத்துமே.

வால்வு ஒன்றின் கசிவு எவ்வளவு தொலைவிற்குப் பாதிக்கும் என்பதைப் பினாங்கு மக்கள் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் நேரில் கண்டனர். சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வுகளை மாற்றுவதற்காக, பாகான் டாலாம் உட்பட மாநிலத்தின் பல பகுதிகளில் நீர் விநியோகம் தடைபட்டது. மக்கள் வாளிகளிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேமித்து வைத்தனர். கெடாவில் தோன்றி வரும் சுங்கை மூடா ஆற்றையே மாநிலம் பெரிதும் நம்பியிருக்கிறது.

அன்று ஒரு வாளி நீரின் அருமையை உணர்ந்த வீட்டிலேயே, இன்று இரவு முழுவதும் நீர் கசிந்துகொண்டிருக்கலாம். வீடு வாடகையாக இருக்கலாம். வீணாகும் நீரோ அனைவருக்கும் சொந்தமானது.