பாலிஷ் பட்டறைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

பழைய கப்பல் விளக்கு வாங்கியவரிடம், "பளபளவென்று ஆக்கித் தருகிறேன்" என்று யாராவது வந்து நிற்பார்கள். உங்கள் மச்சானாகவே இருந்தாலும் விளக்கைக் கையில் கொடுக்காதீர்கள்.

என்னுடையதை மும்பை சோர் பஜார், மட்டன் தெருவில் வாங்கினேன். பேரம் பேசியது, சாக்கில் சுற்றியது, ரயிலில் லோயர் பெர்த்துக்கு அடியில் தள்ளியது எல்லாம் நீங்களும் செய்யப்போவதுதான். இடப்பக்க விளக்கு, சிவப்புக் கண்ணாடி. "இருநூறு வருஷத்துப் பாய்மரக் கப்பல்" என்றார் கடைக்காரர். பாய்மரக் கப்பல்களும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை ஏற்றியே ஆகவேண்டும் என்று பிரிட்டன் விதி போட்டதே 1858-இல்தான். அதைச் சொன்னதும் விலை இறங்கியது. நான் ஏமாந்துவிட்டேன் என்று வீட்டில் பேசிக்கொண்டவர்களுக்காக இதைப் பதிவு செய்கிறேன்.

பாய்மரக் கப்பலின் முன்பாய்மர உச்சி விளக்கு என்று வெள்ளை விளக்கைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். பாய் மட்டும் விரித்து ஓடும் கப்பல் அந்த வெள்ளை விளக்கை ஏற்றாது. அது எஞ்சின் கப்பலின் அடையாளம். மின்விளக்கு வந்த பிறகும், கரண்ட் போனால் உதவட்டும் என்று எஞ்சின் கப்பல்களில் எண்ணெய் விளக்கும் வைத்திருந்தார்கள். குஜராத்தின் அலங்கில் 1983 முதல் கப்பல் உடைக்கிறார்கள். அங்கிருந்து வருபவற்றில் அந்த மாற்று விளக்குகளும் உண்டு. பக்க விளக்கின் ஒளி நேர் முன்னாலிருந்து பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்வரை, 112.5 பாகைக்குத்தான் தெரியவேண்டும். சுற்றிலும் சிவப்பு அடித்தால் அது வேறு விளக்கு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பொருளை ஊரில் ஒரு பட்டறைக்காரர் அரை மணி நேரத்தில் முடித்துவைத்தார். மச்சான் கூட்டிப்போன இடம். புகைக்கூண்டுக்குக் கீழே, தகட்டிலேயே தயாரிப்பாளர் பெயரும் பர்மிங்ஹாம் என்ற ஊரும் மங்கலாகக் குத்தியிருந்தன. "எழுத்து இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்" என்று நான் சொன்னதற்குச் சாட்சி உண்டு. பஃபிங் சக்கரம் எழுத்தைத் துடைத்தெடுத்துவிட்டது. ஈயம் வைத்து ஒட்டிய மூலைகளும் தேய்ந்தன. பிறகு பார்க்க வந்த சென்னை வியாபாரி கேட்டது ஒரே கேள்வி: "இது புது மொராதாபாத் சரக்கா சார்?" விலையே சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார். பட்டறைக்காரரோ முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவு போதும். குத்துவிளக்குக்குப் பழகிய கையோடு புளியை அப்பி ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் வெளியே வரும். ஏற்றிப் பார்க்க மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் அந்தப் பட்டைத் திரியில் சரியாக ஏறாது. என் மாமியார் ஊற்றிப் பார்த்தார், பர்னரைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஒற்றை விளக்கை ஏன் வாங்கினாய் என்று கேட்கிறார்கள். ஒற்றை என்பதால்தான் என் கைக்கு எட்டியது. பச்சையைப் பிறகு தேடலாம். ஆனால் வீட்டில் சிவப்பு இருக்கிறது என்று கடைக்காரரிடம் வாயைத் திறக்காதீர்கள். அந்த நிமிஷமே பச்சையின் விலை ஏறிவிடும்.