பீச்சாங்கையால் ஹரிஸ்ரீ எழுதலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. கரண்டி, சாக்பீஸ், பந்து எல்லாமே இடக்கைதான். விஜயதசமிக்கு எழுத்தினிருத்து, அதாவது அரிசியில் விரலால் 'ஹரிஸ்ரீ' எழுதவைக்கும் சடங்கு, வைத்திருக்கிறோம். "பீச்சாங்கையால அரிசியைத் தொடுவாளா? இப்பவே மாத்திவிடு" என்கிறார் மாமியார். எங்கள் இரு குடும்பத்திலும் யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. என் வளர்ப்பில் கோளாறா?
– ஒரு வாசகி, மட்டாஞ்சேரி

பதில்: வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. பெல்ஃபாஸ்டில் ஆய்வாளர் பீட்டர் ஹெப்பர் குழுவினர், வயிற்றுக்குள்ளேயே விரல் சூப்பியதை ஸ்கேனில் பார்த்த 75 குழந்தைகளைப் பள்ளி வயதில் மறுபடி பார்த்தார்கள். வலது கட்டைவிரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை. 5 பேர் மட்டும் வலப்பக்கம் வந்துவிட்டார்கள்.

குடும்பத்தில் யாரும் இல்லாததும் அதிசயமில்லை. மரபணுவின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். உருவத்தில் அச்சாக ஒத்துப்போகும் இரட்டையரிலேயே ஒருவர் இடது, ஒருவர் வலது என்று அமைவதுண்டு. உலகில் பத்தில் ஒருவர் இப்படி. எழுத்தின் திசையும் காரணமல்ல. உங்கள் ஊர் யூதத் தெருவில், 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் எபிரேய எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. எபிரேயமோ அரபியோ எழுதுபவர்களிலும் வலக்கைக்காரர்களே அதிகம்.

மாமியாருக்குப் பாதி விட்டுக்கொடுங்கள். சோறு பிசைந்து சாப்பிட வலக்கையைப் பழக்கலாம். இடக்கையால் எழுதும் நம்மவர் பலர் சாப்பிடுவது வலக்கையில்தான். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். அரிசித் தட்டில் ஆசான் வலது ஆட்காட்டி விரலைப் பிடித்து எழுதவைத்தாலும் நஷ்டமில்லை, இரண்டு நிமிடச் சடங்கு. பென்சில் விஷயத்தில் மட்டும் இறங்கிவராதீர்கள். 'ழ'வின் சுழியை வளைப்பது விரல்நுனி வேலை. அதை வராத கையில் திணித்தால் எழுத்து மெதுவாகும், கை வலிக்கும். கை மாற்றினால் திக்குவாய் வரும் என்று ஒரு காலத்தில் பயமுறுத்தினார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. திட்டு வாங்கி எழுதும் பிள்ளைக்கு நோட்டைக் கண்டாலே பிடிக்காமல் போகும் என்பதே என் கவலை.

மாமியாரிடம் சச்சினைச் சொல்லிப் பாருங்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் பங்குதாரராகக் கொச்சிக்கு வந்துபோனவர்; மட்டை பிடித்தது வலக்கை ஆட்டக்காரராக, ஆட்டோகிராப் போடுவது இடக்கையில். மாமியாருக்குக் கிரிக்கெட் பிடிக்காதென்றால் காந்தி இருக்கிறார்: 1909இல் கில்டோனன் காசில் கப்பலில் 'ஹிந்த் சுவராஜ்' எழுதியபோது, வலக்கை ஓய்ந்ததும் இடக்கையால் தொடர்ந்தார்.

ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, மறுகையை அசைக்காமலே வைத்திருந்த குழந்தையென்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். மூன்று வயதில் இடக்கை ஓங்கி நிற்பது இயல்பு.

நம் எழுத்தில் இடக்கை, எழுதியதையே மறைத்துக்கொண்டு நகரும். நோட்டின் தலைப்பக்கத்தை வலப்புறம் சாய்த்து வைத்து, பென்சிலைக் கூர்முனையிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது.