கைப்பேசி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஊராட்சிக்கு வரும் மின்னஞ்சலும் விவசாயியின் வங்கிக் கணக்கும் இன்று ஒரே கைப்பேசியில் அடங்கியுள்ளன. ஆதலின் விலையையும் பளபளப்பையும் மட்டுமே நோக்கி அதனை வாங்குதல் தகாது.

முதலாவதாக, உற்பத்தியாளர் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அளிப்பார் எனக் கேட்டறிதல் வேண்டும். அவை நின்றுபோன கருவி, தாழ்ப்பாள் பழுதுற்ற வீட்டினை ஒக்கும். அக்காலம் பெரும்பாலும் அம்மாதிரி வெளிவந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்; நாம் வாங்கிய நாளிலிருந்தன்று. ஆகவே மலிவாகக் கிடைக்கும் பழைய மாதிரி விரைவில் காப்பிழக்கக்கூடும்.

இரண்டாவதாக, பிறர் பயன்படுத்திய கைப்பேசியாயின், *#06# என அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். ‘கே ஒய் எம்’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களுடன், ஓர் இடம் விட்டு, அவ்வெண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புக. களவுபோனதென முடக்கப்பட்டதாயின் தெரியவரும்.

மூன்றாவதாக, திரைப்பூட்டு இன்றியமையாதது. ஊராரின் மனுக்களைக் காப்பது நம் கடமையன்றோ?