ஆடாமல் இழந்த கோப்பை



எறிபந்தில் தோற்றுவிட்டு அழுத நாள் நம்மில் பலருக்கும் உண்டு. ஆடாமலே ஒரு கோப்பையை இழந்த வீரரை அறிவீர்களா?

விஜய் அமிர்தராஜ் 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். சிறு வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். தாயார் மாகி அம்மையாரின் ஊக்கத்தால் டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். 1973, 1981 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் போட்டியில் கால் இறுதி வரை முன்னேறினார்.

1974-இல் அவர் ஆடிய இந்திய அணி, நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி தென் ஆப்பிரிக்கா. அங்கே அப்போது கறுப்பின மக்களை ஒடுக்கும் நிறவெறி ஆட்சி நடந்தது. ஆகவே இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. இளம் வீரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1987-இல், அவரே அணித்தலைவர். ரமேஷ் கிருஷ்ணன் முதலியோருடன் சிட்னி சென்று ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்று, அணியை மீண்டும் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். அங்கே ஸ்வீடன் வென்றது. இம்முறையும் கோப்பை கிட்டவில்லை.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. சென்னையில் அவர் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ், 1996-இல் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். 2024-இல் குருவும் சீடரும் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் ஒன்றாக இடம்பெற்றனர்.

தோழிகளே, நியாயத்திற்காக ஒன்றை இழப்பது தோல்வி ஆகாது. அடுத்த முறை மைதானத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும்போது இவரை நினைத்துக்கொள்வோம்.