ஒன்பது புள்ளியும் ஒரு லாஸ்ட் நேமும்

முதல்ல ஒரு புதிர். வரிசைக்கு 3 வீதம் 3 வரிசை, மொத்தம் 9 புள்ளி. பேனாவை எடுக்காமல் 4 நேர்கோடு போட்டு எல்லாப் புள்ளியையும் தொடணும். ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு வாங்க.

முடியலையா? மேல் இடது மூலையில் ஆரம்பித்து நேராகக் கீழே வாங்க, கடைசிப் புள்ளியைத் தாண்டி இன்னும் ஒரு புள்ளி தூரம். அங்கிருந்து வலப்பக்கம் சாய்வாக மேலே, மேல் வரிசைக்கு நேராக வெளியே போய் நிற்கும் வரை. பிறகு மேல் வரிசை வழியாக ஆரம்பித்த மூலைக்கு. கடைசியாக அங்கிருந்து எதிர் மூலைக்கு. அவ்வளவுதான்!

கோடு சதுரத்தைத் தாண்டக் கூடாதுன்னு கேள்வியில் எங்கேயும் இல்லை. அந்த விதியை நாமே சேர்த்துக்கிட்டோம். மறைந்திருக்கும் அனுமானம் என்பது இதுதான்.

இதே தப்பை என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயும் செய்தேன். விவசாயிகள் நெல் விற்ற கணக்கைப் பதிவு செய்ய ஒரு ஆப். லீவுக்குத் திருத்துறைப்பூண்டி போனப்ப பெரியம்மாகிட்ட கொடுத்து டெஸ்ட் பண்ணினேன். ஃபர்ஸ்ட் நேமில் அவங்க பேரைப் போட்டாங்க. லாஸ்ட் நேம்? "அப்படின்னா என்னப்பா?" காலியா விட்டா ஆப் அடுத்த பக்கம் போகாது. சரின்னு பெரியப்பா பேரைப் போட்டோம். பாஸ்புக்கில் இருந்ததோ அவங்க அப்பாவோட இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று எரர் வந்தது. "நான்தான் தப்பா அடிச்சிட்டேனா?"ன்னு அவங்க கேட்டப்ப சங்கடமா இருந்தது. எனக்கே குடும்பப் பெயர் கிடையாது. ட்யூட்டோரியல்ல இருந்த ஃபார்மை அப்படியே காப்பி பண்ணியிருந்தேன்.

இது என் ப்ராஜெக்ட்டோடு முடியும் விஷயம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பெயர்களைப் பற்றி ப்ரோக்ராமர்கள் தப்பாக நம்பும் 40 விஷயங்களை 2010லேயே பாட்ரிக் மெக்கென்சி பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாருக்கும் லாஸ்ட் நேம் உண்டு என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

அடுத்த ஃபார்ம் செய்யும்போது மூணு கேள்வி கேளுங்க:

1. இந்தக் கட்டம் கட்டாயம் என்று யார் சொன்னது? தேவையா, பழக்கமா?
2. இதை நிரப்ப முடியாத ஒருத்தரை எனக்குத் தெரியுமா?
3. அவர் காலியாக விட்டால் என்ன நடக்கும்?

நான் இரண்டு கட்டத்தையும் தூக்கிட்டு, 'பாஸ்புக்கில் உள்ளபடி பெயர்' என்று ஒரே கட்டமாக்கினேன். டேட்டாபேஸில் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகலை. அடுத்த தடவை பெரியம்மா என்னைக் கேட்காமலேயே நிரப்பிட்டாங்க.

உங்க ப்ராஜெக்ட் ஃபார்மை இன்னைக்கு வீட்ல யார்கிட்டயாவது கொடுத்துப் பாருங்களேன்.